கல்லுக்கு ஒரு ஜோடி

நனைந்த இரண்டு விரல்கள், கண்ணாடித் துண்டில் ஒட்டிய கல் சில்லைப் பலகை மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தன. சாணைப் பொடியும் தண்ணீரும் சாம்பல் நிறக் கூழாக வழிந்தன. விரல்களுக்கு அவசரமில்லை. அவசரம் முழுவதையும் எதிரே ஸ்டூலில் இருந்தவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

விரல்கள் ராசையாவுடையவை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அண்ணனின் மளிகைக் கடைக்கு எடுபிடியாக ராயபுரம் வந்து, பருப்பு நிறுப்பதில் மனம் செல்லாமல், மூக்குக் கண்ணாடி தேய்ப்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றவர். 1952இல் துறைமுகக் குமாஸ்தாக்களில் பாதிப் பேர் அவர் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான் கணக்கைத் தப்பாக எழுதினார்கள்.

ஸ்டூலில் இருந்தவர் தாமோதரன், காசிமேட்டுக்காரர், கல்லூரியில் நிலவியல் வாத்தியார். சில்லு கோதாவரிக் கரையிலிருந்து அவர் கொண்டுவந்தது. அங்கே எரிமலைக் குழம்பு இரண்டு முறை ஓடி இறுகியிருக்கிறது. நடுவில் ஒரு சுண்ணாம்பு அடுக்கு. எரிமலைப் பாறை தன் வயதைச் சொல்லாது, சுண்ணாம்பில் சிக்கிய பாசியும் சிப்பியும்தான் சொல்லும். ராட்சதப் பல்லிகள் வாழ்ந்த காலத்துக் குழம்பு அது என்பது தாமோதரன் கட்சி. அவை செத்தொழிந்த பிறகுதான் என்பது கல்லூரியில் அவருக்குப் பக்கத்து நாற்காலி சுப்புராயன் கட்சி. பல்லிகளுக்குள்கூட அவ்வளவு பகை இருந்திருக்காது. கல்லை வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வழக்கு தீரும். ஆனால் அந்த அடுக்கை ரோட்டுக்கு ஜல்லியாக உடைத்துவிட்டார்கள். மிஞ்சியது இந்தச் சில்லு மட்டும்.

அதை ராசையா முதல் வேலையாக இரண்டாக அறுத்திருந்தார்.

"இன்னா அண்ணாச்சி! கீறதே ஒரு சில்லு!"

"ஒத்தையா தேச்சுப் பழக்கமில்ல வாத்தியாரே. ஒத்தைக் கண்ணனுக்கும் ரெண்டுதான் போடுதேன்."

இப்போது அவர் சில்லைச் செய்தித்தாள் மேல் வைத்தார். எழுத்து தெரிந்தால் பதம். மங்கலாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தார். சில்லு கூழோடு கூழாகிப் போனது. கோடிக்கணக்கான வருஷம் தாங்கிய கல், ராசையாவிடம் ஒரு காலைப்பொழுது தாங்கவில்லை.

"பூட்ச்சா?"

"போச்சு. அதுக்குத்தான் ஜோடி" என்றார், முன்பே யோசித்து வைத்தவர் மாதிரி.

இரண்டாவது சில்லில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. தாமோதரன் ரிக்‌ஷாவில் கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பல்லிகளுக்குப் பிறகே உலகத்துக்கு வந்த பாசி ஒன்றின் உருண்டை விதை, சுப்புராயனைப் போலவே அலட்டலாக உட்கார்ந்திருந்தது.

"அண்ணாச்சி, இதுவும் உடைஞ்சி பூட்ச்சுனு சொல்லிடவா? எவனுக்குத் தெரியும்?"

ராசையா கையைத் துடைத்தார். "பல்லி எப்பச் செத்தா எனக்கென்னவே? ராசையா ரெண்டையும் உடைச்சுட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவீரு. அப்புறம் எவன் எங்கிட்டக் கண்ணாடி போடுவான்?"

உண்மைக்காக இளகாத தாமோதரன், கடையின் பெயருக்காகத் தலைகுனிந்தார். ராசையா சில்லின் மேல் மெல்லிய கண்ணாடி ஒட்டி, பிசின் காயும்வரை அவரைக் காக்க வைத்து, ஃபிளானல் துணியில் சுற்றி நீட்டினார்.

"அந்தச் சுப்புராயன் சார்கிட்ட, ஓரத்தைப் பிடிச்சு வாங்கச் சொல்லும். ரேகை படப்படாது."

தாமோதரன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.