சத்தியம் தவறாத யோப்ஸ்ட்

எங்கள் ஊரில் அச்சகம் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நகர மன்றத்துக்குப் போய், மன்றம் படித்துப் பார்க்காத எதையும் அச்சிட மாட்டோம் என்று கை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும். மற்றவர்கள் அதை முணுமுணுத்துவிட்டு நேரே பீர்க்கடைக்குப் போவார்கள். யோப்ஸ்ட் ஹேபர்லைன் மட்டும் கண்ணில் நீர் மல்கச் சொல்வான். கல்யாண வாழ்த்தைக்கூட மன்றத்தில் காட்டி அனுமதி வாங்குகிற பிறவி.

நான் அப்பலோனியா அம்மாவின் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். கணவர் இறந்தபின் அவர்தான் அதை நடத்திவந்தார். ரொட்டி வரவர இளைத்துப்போவதைக் கிண்டல் செய்து, பெயர் போடாமல் ஒரு பாட்டு அச்சிட்டோம். சந்தையே பாடியது. மன்றத்தில் பாதிப் பேர் ரொட்டிக்கடைக்காரர்களின் சம்பந்திகள். அந்தத் தாளில் உடைந்து பதிந்திருந்த ஓர் எழுத்தைக் காட்டி, "இது அப்பலோனியா கடை எழுத்து" என்று போட்டுக்கொடுத்தவன் யோப்ஸ்ட்.

காவலர்கள் ஈய எழுத்துகளை மூட்டை கட்டித் தூக்கிப் போனார்கள். அவன் வாசலில் நின்று பார்த்தான்.

"அக்கா, உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"என் நல்லத நான் பாத்துக்கறேன். நீ போயி அவங்க செருப்பத் துடை."

நாங்கள் பக்கத்து ஊருக்குப் போய்க் கடை போட்டோம். அவனுக்கு அச்சகங்களைச் சோதிக்கும் பதவி கிடைத்தது.

பிறகு டீட்ஸ் என்ற மன்ற உறுப்பினர், பேராயரைப் பன்றியாக வரைந்த படம் ஒன்றை அனுமதிக்கச் சொன்னார்.

"ஐயா, நீங்க சொன்னதா ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"நான் சொல்றேன்ல. என்மேல நம்பிக்கை இல்லியா?"

யோப்ஸ்ட் முத்திரை குத்தினான். பேராயர் பேரரசரிடம் முறையிட்டார். மன்றம் நடுங்கியது. "எந்தப் படம்?" என்றார் டீட்ஸ். கோபுரச் சிறைக்குள் போனவன் யோப்ஸ்ட். வெளியே வந்த அன்று, விடுவித்ததற்கு நன்றி சொல்லி டீட்ஸின் அங்கி நுனியை முத்தமிட்டானாம்! அவன் மனைவியே இதைச் சந்தையில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

பதவி போனதும் எங்களிடமே வேலை கேட்டு வந்தான். அம்மாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. "சரி, உள்ள வா" என்றார்.

அவன் படியில் நின்றபடி அச்சுப்பொறியை எட்டிப் பார்த்தான்.

"இப்ப ஓடுதே, அதுக்கு மன்றத்துல அனுமதி வாங்கியாச்சா அக்கா?"

அம்மா கதவைச் சாத்தினார். கடைசியில் இந்த ஊர் மன்றத்தில் வாசல் காக்கும் வேலை பிடித்துக்கொண்டான். உள்ளே போகிறவர் யாராயிருந்தாலும் தொப்பியைக் கழற்றி வணங்குவான். அச்சக வேலையாகப் போகும் என்னையும் வணங்கினான். நான் ஒருநாளும் திருப்பி வணங்கவில்லை.