தையல் பிரியாமல் சிரிப்பது

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், நகைச்சுவைக் காட்சி வருவதற்கு முன்பே சிரிக்கிற ஆள். திரையில் ஒருவன் வழுக்கி விழப்போகிறான் என்றால், அவன் காலை எடுத்து வைப்பதற்குள் இவர் சோபாவில் உருண்டுகொண்டிருப்பார். ஒரே படத்தை அத்தனை தடவை பார்த்திருக்கிறார். வேலை செய்கிற கடையிலும் அவருக்கு 'முன்சிரிப்பு' என்றுதான் பட்டப்பெயர். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கடை. விற்றதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் மாடிமாடியாகத் தூக்கிச் சென்று வைப்பது அவர் வேலை. அதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை, பார்க்கத் தெரியவும் தெரியாது.

அவரோடு உட்கார்ந்து படம் பார்ப்பதைப் போல ஒரு தொல்லை கிடையாது. "இப்போ பாரு, இப்போ பாரு, கதவத் தொறப்பான்!" என்பார். கதவு திறந்ததும் நம் முகத்தைப் பார்ப்பார், சிரிக்கிறோமா என்று. சிரிக்காவிட்டால் பின்னோக்கி ஓட்டி மறுபடியும் போடுவார். திருட வந்தவனை வீடு மாற்றித் தருகிற கம்பெனி ஆள் என்று நினைத்து, வீட்டுக்காரர்கள் பீரோவைத் தூக்கச் சொல்லுகிற ஒரு பழைய படம் அவருக்கு உயிர். "பீரோவ அவன் பிடிக்கிற பிடியே தப்பு. முதுகு போயிடும்" என்று நிபுணர் கருத்து வேறு சொல்வார். தொடர் என்றால், டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டு, சாலையைக் கடக்க மட்டும் பயப்படுகிற ஒரு மனிதரைப் பற்றிய தொடர். அதில் அவருக்கு மனப்பாடம் ஆகாத வசனமே இல்லை.

அக்கா இதற்கு நேர் எதிர். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மைக்கை அணைக்க மறந்து, பக்கத்தில் இருந்தவளோடு பேசிச் சிரித்துவிட்டாள். நிலையம் முழுக்க அந்தச் சிரிப்பு கேட்டது. மேலாளர் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்துவிட்டார். அன்றைக்குப் போனதுதான் அவள் குரலில் இருந்த ஏற்ற இறக்கம். வீட்டில்கூடச் சாப்பாடு தயார் என்பதைப் பேருந்து புறப்படுகிற மாதிரிதான் சொல்வாள். அத்தான் படம் பார்க்கும்போது பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், முகத்தில் ஒன்றும் தெரியாது.

"உங்க அக்காவுக்குச் சிரிக்கவே தெரியாது, பாவம்" என்று அத்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா வந்தவர்களுக்குக் காபி போட எழுந்து போய்விடுவாள்.

பாரம் தூக்கித் தூக்கி அத்தானுக்குக் குடல் இறக்கம் வந்தது. வயிற்றைத் திறந்து, உள்ளே வலை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். கிளம்பும்போது அறுவை மருத்துவர், "இருமல் வந்தா தலையணைய வயித்துல அழுத்திப் பிடிச்சுக்கங்க. பாரம் தொடக் கூடாது. ரொம்பச் சிரிக்கவும் கூடாது" என்றார். மற்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது மருத்துவமனைச் சமாச்சாரம் ஆகிவிட்டது.

சொன்ன பேச்சைக் கேட்கிற ஜென்மமா அது? அக்கா வேலைக்குப் போன நேரம் பார்த்து டிவியைப் போட்டிருக்கிறார். அதிலும் பெரிய புத்திசாலித்தனம் ஒன்று செய்திருக்கிறார்: சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டாராம். வசனம் கேட்டால்தானே சிரிப்பு வரும், படத்தை மட்டும் பார்த்தால் வராது என்று கணக்கு. அத்தனை வசனமும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற மனிதர் சத்தத்தைக் குறைத்து என்ன பிரயோசனம்? பீரோ மாடிப்படியில் சிக்கிக்கொள்கிற இடம் வந்திருக்கிறது. அவருக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. அதே வீட்டு மாடியில் குடியிருக்கிற நான் இறங்கி வந்தபோது அவர் சட்டையில் ரத்தம். டிவியில் சத்தமில்லாமல் படம் ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் பிரிந்த தையலை மறுபடி போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "நல்ல வேளை, வலை நகரல. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வயித்தைத் திரும்பத் திறக்கணும். அதுக்கப்புறம் பாரம் தூக்குற வேலைய மறந்துடுங்க" என்றார்.

அத்தானின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. வெளியே வந்ததும், வேலையிலிருந்து நேராக ஓடிவந்திருந்த அக்கா என்னிடம், "இவர் வேலைக்குப் போகாம வீட்டுல உக்காந்தா ரெண்டே மாசத்துல ஆளே உடைஞ்சுபோயிடுவார்டி" என்றாள். அதையும் அதே குரலில்தான் சொன்னாள். ஆனால் என் கையைப் பிடித்திருந்த பிடி எனக்கு வலித்தது.

அன்றைக்கே டிவி மாடிக்கு, என் வீட்டுக்கு வந்துவிட்டது. அத்தானின் போனையும் அக்கா பறித்துக்கொண்டு, பேச மட்டும் முடிகிற பழைய போன் ஒன்றைக் கொடுத்தாள். அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு நாளில் மின்விசிறி ஆடுகிற ஆட்டத்தைப் பற்றி விமர்சனம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

விதி பாருங்கள், அந்த வாரம்தான் டிரைவிங் ஸ்கூல் தொடரின் புதிய பாகம் ஆரம்பமாகிறது. மனிதர் கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், சாப்பிடமாட்டேன் என்று திரும்பிப் படுத்தார். குழந்தைகூட இவ்வளவு அடம் பிடிக்காது. கடைசியில் அக்கா மனம் இறங்கினாள்.

"நான் மேல போய்ப் பாத்துட்டு வந்து கதைய மட்டும் சொல்றேன். சிரிப்பு வர்ற இடத்தை எல்லாம் விட்டுடுவேன். சரியா?"

"சரி, சரி. கதைதான் முக்கியம்" என்றார் அத்தான், வாய் கூசாமல்.

அவள் மாடிக்கு வந்து என்னோடு உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி பார்த்தாள். எனக்கு அப்போதே சந்தேகம். சிரிப்பு வருகிற இடத்தை விடுவதென்றால், அது எந்த இடம் என்று தெரிந்திருக்க வேண்டுமே!

கீழே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாருக்காவது எதையாவது கோர்வையாகச் சொல்லவேண்டும் என்றால் அவளுக்குத் தானாக அறிவிப்புத் தமிழ் வந்துவிடும்.

"பயிற்சியாளர் காரில் ஏறுகிறார். சீட் பெல்ட்டோடு சேர்த்துத் தன் கழுத்து டையையும் மாட்டிக்கொள்கிறார். அதை அவர் கவனிக்கவில்லை. கார் புறப்படுகிறது. முன்னால் ரோடு ரோலர் ஒன்று செல்கிறது. அதை முந்த வேண்டும் என்று மாணவி கேட்கிறாள். அவசரமில்லை என்கிறார் பயிற்சியாளர். ரோடு ரோலர் ஓட்டுநர் கையைக் காட்டி வழிவிடுகிறார். பரவாயில்லை, நீங்கள் போங்கள் என்கிறார் பயிற்சியாளர். இருவரும் ஒரே வேகத்தில் செல்கிறார்கள். மாலை ஆகிறது." கொஞ்சம் நிறுத்தி, தொழில் பழக்கத்தில் சேர்த்தாள்: "தாமதத்திற்கு வருந்துகிறார்கள்."

அத்தானிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. தலையணையை வயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகம் சிவக்க, கண்ணில் தண்ணீர் ஊற்றக் குலுங்கிக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்றிருந்த நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டிவியில் பார்த்தபோது எனக்கு வராத சிரிப்பு.

அக்கா பதறிப்போய் எழுந்தாள். "என்ன ஆச்சு? வலிக்குதா? நான் சிரிக்கிற மாதிரி ஒண்ணுமே சொல்லலயே!"

அதைக் கேட்டு அத்தானுக்கு இன்னும் மோசமானது. நான் எழுந்து போய், வயிற்றில் போட்டிருந்த கட்டைத் தூக்கிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அக்கா அவர் போர்வையை இழுத்துவிட்டாள். "இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உங்களுக்கு உடம்பு மேல அக்கறை இல்ல" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

"தலையணைய வெச்சு அழுத்திக்கிட்டா ஒண்ணும் ஆகாதும்மா, டாக்டரே சொன்னாரே!" என்று இவர் கட்டிலிலிருந்து கத்தினார்.

"அது இருமலுக்கு!" என்று நான் கத்தினேன்.

அடுத்த வாரம் அவர் கேட்கவில்லை. அவரும் பயந்திருந்தார் போலிருக்கிறது, வேலை போய்விடுமோ என்று. ஆனால் அக்கா மாடிக்கு வந்து பார்த்தாள். கீழே போய், தள்ளி நின்று, "இந்த வாரம் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அனைவரும் நலம்" என்று மட்டும் சொன்னாள். அத்தான் தலையணையைத் தேடினார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

தையல் பிரிக்கிற நாள் அன்று நானும் கூடப் போனேன். மருத்துவர் வயிற்றை அங்கங்கே அழுத்தினார். இருமச் சொன்னார். இன்னும் பலமாக இருமச் சொன்னார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லா ஆறியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் பெல்ட் போட்டுக்கிட்டு வேலைக்குப் போகலாம்" என்றார் மருத்துவர்.

"சிரிக்கலாமா டாக்டர்?" என்றார் அத்தான்.

"தாராளமா."

வெளியே வந்ததும் அக்கா நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. அத்தானுக்கு எங்களை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல், போகிற வருகிற நர்ஸ்களிடம் எல்லாம் "நல்ல செய்திதான், நல்ல செய்திதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே டிவி கீழே இறங்கிவிட்டது. அத்தான் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புதிய பாகத்தை முதலிலிருந்து போட்டார். அக்கா துணிக் கூடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் டை மாட்டியது, ரோடு ரோலர் வந்தது. நான் அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்சிரிப்பும் இல்லை, பின்சிரிப்பும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்.

"இது சரியா வரல" என்றார். "நீ சொன்னப்போதான் நல்லா இருந்துச்சு. இத்தனை வருஷமா இப்படிப் பேசத் தெரியும்னு சொல்லவே இல்லயே நீ?"

அக்கா ஒரு சட்டையை மடித்து வைத்தாள்.

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

அதே அறிவிப்புக் குரல்தான். எனக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் சிரிக்கவில்லை. பிறகு டிவியை அணைத்துவிட்டு, கூடையை நகர்த்தி அவள் பக்கம் தள்ளி உட்கார்ந்தார்.

"சரி, பேசு" என்றார்.

அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று. பிறகு, முந்தின நாள் பேருந்து நிலையத்தில் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள்.