அப்பாவின் செல்லாத ஓட்டு

தேர்தல் என்றாலே ஊர் முழுக்க வரிசையில் நிற்கும் என்று நினைத்திருந்த எனக்கு, ஐந்தாம் வகுப்பில்தான் வேறொரு தேர்தல் இருப்பது தெரிந்தது. மாநிலங்களவைக்கு ஆள் அனுப்ப எம்.எல்.ஏ.க்கள் மட்டும் போடும் ஓட்டு. என் அப்பா எம்.எல்.ஏ. பெரும்பாலும் போட்டியே இருக்காதாம். இடத்துக்குச் சரியாக ஆள் நின்று, ஓட்டெடுப்பு இல்லாமலே டெல்லிக்குப் போய்விடுவார்களாம். அந்த முறை ஓர் ஆள் கூடிப்போயிற்று. கூடிப்போனவர் எதிர்க்கட்சியில் இருந்த என் தாய்மாமா.

மாமா அம்மாவின் ஒரே தம்பி, அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கடைசி இடத்துக்கு அவருக்கும் அப்பாவின் கட்சிக்காரருக்கும் இழுபறி. ஒரே ஓட்டில் முடிவாகும் என்று டிவியில் சொன்ன நாளிலிருந்து அம்மா அப்பாவோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான்.

"யாருக்கும் தெரியாம மாமாவுக்குப் போட்டிர வேண்டியதுதானேப்பா?" என்று கேட்டேன்.

"அப்படி ஒளிச்சுப் போட முடியாது மக்ளே. பெட்டியில போடதுக்கு முன்ன கட்சி ஏஜென்டுட்ட காட்டணும். தேர்தல் ஆபீசர் தார ஊதாப் பேனாலதான் எழுதணும். வேற பேனான்னா ஓட்டு செல்லாது, கேட்டியா?"

"உங்கப்பாட்ட சொல்லுட்டி," என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து. "கட்சி ஆயிரம் வரும். எனக்குத் தம்பி ஒருத்தன்தான்."

அன்று மாலை, ஓட்டுப் போடச் சட்டசபைக்குக் கிளம்பிய அப்பாவை ரயிலேற்றிவிட நாகர்கோவில் ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மாவின் போனில் மாமா கூப்பிட்டார். அவள் போனை அப்பாவிடம் நீட்டினாள். ரயில் நகரும்வரை நீட்டியபடியே நின்றாள். அப்பா வாங்கவே இல்லை.

ஓட்டெண்ணியபோது விஷயம் வெளியே வந்தது. அப்பா ஒழுங்காகத் தன் கட்சிக்காரருக்குத்தான் எழுதியிருக்கிறார். ஏஜென்டும் யாருக்கு என்று மட்டும் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். ஆனால் எழுதியது சட்டைப்பையில் இருந்த சொந்தப் பேனாவால். ஓட்டு செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். அந்த ஒன்று குறைந்ததில் மாமா ஜெயித்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் மானம் கப்பலேறியது. "ஏட்டி, உங்கப்பாவுக்கு ஓட்டுப் போடத் தெரியாதா?" என்று வகுப்பே சிரித்தது. அப்பாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்த வாரமே கட்சியிலிருந்து நீக்கிக் கடிதமும் வந்தது. ஒரு மறதிக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று அதற்கும் சேர்த்துப் பொருமினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். "அத்தான்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜெயித்தவர் ஏன் அழ வேண்டும்?

"பேனா விஷயம் எனக்கே தெரியும். உங்களுக்கு எப்படிப்பா மறந்துது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"வயசாவுதுல்லா மக்ளே," என்றார் அப்பா. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு.

சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா நேராக அப்பாவைப் பார்த்து, "தீயல் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் பேச்சு. பாவம், மறதிக்கார மனுஷன் என்று இரக்கப்பட்டுத்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.