கிளீட்டஸுக்குக் கோபம் வரவேண்டும்

போன வாரம் முட்டத்துக்குப் போயிருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்த கிளீட்டஸைப் பக்கவாதம் தாக்கி, வலது கையும் பேச்சும் போய்விட்டன. கை மெல்லத் திரும்புகிறது. பேச்சுதான்...

கால்பந்து என்றால் கிளீட்டஸ் தீவிர அர்ஜென்டினா ரசிகன். தன் மீன்பிடி வள்ளத்துக்கே அந்த அணியின் நீலமும் வெள்ளையும் அடித்தவன். கரையில் நின்று அவன் கத்தினால் கடலில் இருப்பவனுக்குக் கேட்கும். அவன் இப்படிச் சாய்வு நாற்காலியில் ஊமையாக... "நல்லா இருக்கே, சீக்கிரம் சரியாயிரும்" என்று ஏதோ உளறினேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் மஞ்சள் பனியனில் ஆரோக்கியம் வந்தார். கிளீட்டஸின் கூட்டாளி. ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிறவர். ஆனால் பிரேசில் கட்சி!

வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டார்.

"ஏலே கிளீட்டஸு, எங்க அளவுக்கு ஒங்களுக்கு வேர்ல்டு கப்பு உண்டா? பிரேசிலுக்க ரெண்டு ஓரத்து விங்கையும் பாரு மக்கா... பந்து காலுல ஒட்டிக்கிட்டுல்லா போகும்! ஒங்க ஆளுவ நடுவுல நின்னு உருட்டிக்கிட்டே கெடப்பானுவ."

கிளீட்டஸின் மனைவி ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, பேச முடியாத மனுசன்கிட்ட தெனமும் சண்டைக்கு நிக்கியளே, இது நியாயமா?"

எனக்கும் கோபம்தான். நண்பனுக்காக நானே வாதாடினேன். "அர்ஜென்டினாவின் பலமே அந்த..."

"நீங்க சும்மா இரிங்க சார்" என்று என் தொடையை அழுத்தினார் ஆரோக்கியம். "அத அவன் சொல்லட்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் விடவில்லை. "நடுவுல பந்தப் பிடிச்சு வைக்கது பயந்தாங்கொள்ளி ஆட்டம்லே! தைரியம் இருந்தா முன்னால ஓடணும்."

கிளீட்டஸின் முகம் சிவந்தது. இடது கை நாற்காலியைப் பிடித்தது. உதடு கோணி, நடுங்கி...

"பொ... பொய்யி!"

ஜெசிந்தா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். ஆரோக்கியத்தின் கண்களில் தண்ணீர். ஆனால் குரல் மட்டும் இறங்கவில்லை. "எதுலே பொய்யி? சொல்லு!"

"ந... நடுவு... ப... பலம்."

நடுக்களம்தான் பலமாம்! நான் சொல்ல வந்ததை என் நண்பனே சொல்லிவிட்டான்.

நோயாளியைப் பார்க்கப் போகும் நாமெல்லாம் என்ன செய்கிறோம்? தலையாட்டுகிறோம், இரக்கப்படுகிறோம், ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வருகிறோம். இவனும் பதில் சொல்லக்கூடிய மனிதன்தான் என்று நினைத்து யாராவது சண்டை போடுகிறோமா?

கிளம்பும்போது ஜெசிந்தா ஆரோக்கியத்திடம் கேட்டாள். "அண்ணே... நாளைக்கும் வருவியளா?"

"வராம? இன்னும் கோல்கீப்பரப் பத்திப் பேசவே இல்லையே!"

வெளியே வந்ததும் ஆரோக்கியத்திடம் மெதுவாகக் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க, எந்த டீம் பலம்?"

அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அர்ஜென்டினாதான் சார். அவன் நல்லாப் பேசுகது வரைக்கும் அவன்கிட்ட சொல்லிராதீங்க."