காலி கோடவுனில் அளந்த வைஃபை

எங்கள் ஆம்பூர் தோல் கோடவுனுக்கு எத்தனை வைஃபை பெட்டி வேண்டும் என்று போன ஞாயிறு ஒரு இன்ஜினியர் வந்து அளந்தார். கோடவுன் அன்று காலி.

“ரெண்டு போதும்” என்றார்.

வாட்ச்மேனான நான் சொன்னேன்: “இன்னா சார், ரெண்டா? நாளைக்கு ஈரத்தோலு கூரை வரைக்கும் ஏறும். அப்ப வந்து பாருங்க.”

“பிளானைப் பார்த்துத்தான் சொல்றேன், பெரியவரே.”

எனக்குப் படிக்கத் தெரியாது. அவர் கிளம்ப கேட்டைத் திறந்துவிட்டேன்.

தோல் வந்தது, சிக்னல் போனது. ஒவ்வொரு தோல் கட்டையும் ஸ்கேன் செய்ய, சிக்னல் தேடி மெஷினோடு வாசலுக்கு ஓடிவந்த கோடவுன் வேலைக்காரி மேரிக்கு, வேலையில் மந்தம் என்று மெமோ கொடுத்தார்கள்.

இன்று இன்ஜினியர் மறுபடி வந்தார்.

“இப்பவாவது கரெக்டா அளப்பீங்களா சார்?” என்றாள் மேரி.

“கண்டிப்பா. மொதல்ல இந்தத் தோலையெல்லாம் வெளியே எடுக்கச் சொல்லும்மா. ஜாஸ்தி இடைஞ்சலா இருக்கு.”

மேரியின் மெமோவை யார் பேருக்கு மாற்றலாம்? நீங்களே சொல்லுங்கள்.