கடலை நிமிர்த்துகிறவர்

தலை வலது தோளில் முட்டும் அளவுக்குச் சாய்ந்திருக்கிறது. அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரையில் கடல்; கரையில் ஒரு புதுமண ஜோடி. படம் பிடித்தவன் மறு கையில் ஐஸ்கிரீம் வைத்திருந்தானோ என்னவோ, கடல் மொத்தமும் வலப்பக்கம் வழிந்து ஓடிவிடும்போல் இருக்கிறது.

"ஐயய்யோ, கொட்டுது, கொட்டுது!" என்கிறார். ஒரு பொத்தானை அழுத்துகிறார். தொடுவானம் மெல்லத் திரும்பி மட்டத்துக்கு வருகிறது. கூடவே அவர் தலையும் நிமிர்கிறது. "அப்பாடா. இப்பதான் மூச்சே வருது."

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கோர்த்துக் கொடுப்பது அவர் தொழில். வயது நாற்பத்தாறு. உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'ரசமட்டம்'. கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, உள்ளே குமிழி ஓடும் அந்தக் கருவி. அவருக்கு அந்தப் பெயரில் வருத்தமில்லை. "குமிழி நடுவுல நிக்கணும் சிஸ்டர். அவ்வளவுதான் வாழ்க்கை" என்பார். வாழ்க்கையைப் பற்றி அவர் சொல்வது அது ஒன்றுதான்.

நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அவருடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பகலில் அந்த வீட்டுக்குப் போகிறேன். முதல் நாள் நான் செருப்பைக் கழற்றிப் போட்டதும் அவர் வந்து குனிந்து இரண்டையும் சேர்த்து வைத்தார். மரியாதை என்று நினைத்து மகிழ்ந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, என் இடது செருப்பு கோணலாகக் கிடந்தது. மருந்துக்கடையில் நின்றால் விலைப்பலகையை நிமிர்த்துவார். பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே, எதிர்ச்சுவர்ப் படத்தைக் கையால் காட்டி முனகினாராம்.

அவர் மனைவி இதையெல்லாம் இருபது வருடமாகப் பார்த்தவர். "எங்க கல்யாண போட்டோவுல எங்க அண்ணன் ஓரமா நின்னான் சிஸ்டர். இவர் நேராக்குறேன்னு திருப்பினாரு. திருப்பினா மூலை காலியாகுமாம், ஓரத்தை வெட்டணுமாம். அண்ணன் போயிட்டான். அவன் கை மட்டும் என் தோள் மேல இருக்கு, யார் கைன்னு பார்க்கிறவங்கல்லாம் கேக்குறாங்க."

"ஒன்றரை டிகிரி சாஞ்சிருந்துச்சு" என்றார் கணவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒவ்வொரு காட்சியாகத் திருப்ப நேரமில்லாததால், கணினியே செய்யும்படி ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார். குறிப்பிட்ட பெட்டிக்குள் எந்த வீடியோவைப் போட்டாலும், அது தானே ஆட்டத்தை நீக்கி, கோட்டைக் கண்டுபிடித்து நேராக்கிவிடும். கடல் இருந்தால் தொடுவானம். வீடு இருந்தால் கூரை விளிம்பு. ஒன்றும் இல்லாமல் வெறும் சுவர் முன் ஆள் மட்டும் இருந்தால், ஆளின் இரண்டு தோள்களையும் சேர்த்து ஒரு கோடாக எடுத்துக்கொள்ளும். "நான் தூங்கினாலும் அது தூங்காது" என்று பெருமை.

அவருடைய அப்பா பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. உட்கார்ந்தால் இடப்பக்கம் சாய்வார். இந்த நோயில் ஒரு வேடிக்கை உண்டு: சாய்ந்திருப்பவருக்குத் தான் நேராக இருப்பதாகவே தோன்றும். நிமிர்த்தினால், தள்ளிவிடுகிறோம் என்று சண்டைக்கு வருவார்கள்.

"நான் நேராத்தான் இருக்கேன். இந்த வீட்டைக் கட்டினவன் சரியில்லை" என்பார் பெரியவர். மகனைக் காட்டி, "ஊரான் வீட்டுக் கடலையெல்லாம் நிமித்துறான், பெத்த அப்பனை நிமித்த முடியலை" என்பார். மகன் சிரிப்பார். ஆனால் பெரியவர் உட்காரும்போது அந்த அறைக்குள் வரவே மாட்டார். வாசல்படியில் நின்று, தலையை வலப்பக்கம் சாய்த்து, அப்பாவை நேராகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

பிசியோதெரபி டாக்டர் இருப்பது வேறு ஊரில். சனிக்கிழமைதோறும் பெரியவர் உட்காருவதைப் படம் பிடித்து அனுப்பினால், பார்த்துவிட்டு அடுத்த வாரப் பயிற்சியைச் சொல்வார். அந்தச் சனிக்கிழமையும் மகன்தான் வாசல்படியில் நின்றபடியே பிடித்தார். நான் பெரியவரின் இடப்பக்கம் நின்று, விலாவில் உள்ளங்கை வைத்துத் தாங்கியிருந்தேன்.

திங்கட்கிழமை டாக்டர் போன் செய்தார். "ரொம்ப நல்ல முன்னேற்றம். துணையில்லாம நிமிர்ந்து உக்காந்திருக்காரே! கை வச்ச நாற்காலி இனிமே வேண்டாம். ஸ்டூல்ல உக்கார வைங்க."

வீடே குதித்தது. மருமகள் சமையலறையிலிருந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். எனக்கு மட்டும் புரியவில்லை. துணையில்லாமலா? சனிக்கிழமை வீட்டுக்குப் போய் என் கை வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டது பொய்யா?

"அவசரம் வேண்டாம், ஐயா" என்றேன்.

"பொறாமைப்படாதீங்க சிஸ்டர். டாக்டரே சொல்லிட்டார்."

பெரியவரோடு வாதாடிப் பயனில்லை. தோள் தயாராக இருக்க, இடப்பக்கம் ஒட்டி நின்றுகொண்டு ஸ்டூலில் உட்கார வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் மொத்தப் பாரமும் என் தோளில் சரிந்தது. நான் அங்கே இல்லையென்றால் இடுப்பெலும்பு போயிருக்கும். அந்த வயதில் இடுப்பெலும்பு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கட்டிலில் படுக்க வைத்து, நாடி பார்த்துவிட்டு, மகனிடம் சொன்னேன்: "தம்பி, அனுப்பின வீடியோவைக் காட்டுங்க."

காட்டினார். பெரியவர் கம்பீரமாக, கம்பு நட்டதுபோல் உட்கார்ந்திருந்தார். என் கையைக் காணோம். ஓரத்தோடு போயிருந்தது, மருமகளின் அண்ணன் போன மாதிரி. பின்னால் ஜன்னல் விளிம்பில் நான் வைத்த கண்ணாடித் தம்ளர் மட்டும் மூலையில் தப்பியிருந்தது. தம்ளரும் சாய்ந்து, உள்ளே தண்ணீரும் சாய்ந்து நின்றது.

"தண்ணி ஏன் தம்பி இப்படி நிக்குது?"

அவர் முகம் வெளுத்தது. "படம் ஆடினது போகட்டும்னு... அந்தப் பெட்டியில போட்டு எடுத்தேன். பின்னாடி கடலும் இல்ல, கூரையும் இல்ல. அது தோளைப் பிடிச்சிருக்கு." திரையில் அந்தத் தம்ளரைத் தொட்டுப் பார்த்தார். "நானும்தான் பார்த்தேன் சிஸ்டர். நல்லாத்தானே இருக்காருன்னு, பார்த்துட்டுத்தான் அனுப்பினேன்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அஞ்சு மாசத்துல ஒரே ஒரு நல்ல ரிப்போர்ட் வந்துச்சு. அதையும் சிஸ்டர் கெடுத்துட்டாங்க."

மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். ஸ்டூல் சமையலறைக்குத் திரும்பியது. நான் டாக்டரைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, பழைய பயிற்சியையே தொடர்வதாகச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை மகன் வாசல்படியில் நிற்கவில்லை. உள்ளே வந்தார். கண்ணாடித் தம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, அப்பாவுக்குப் பக்கத்து மேசையில் வைத்தார். தண்ணீர் அசைவு நிற்கும்வரை காத்திருந்தார். அப்புறம் பிடித்தார்: தாங்கிய என் கையோடு, சாய்ந்த அப்பாவோடு.

"கணக்கா வந்துச்சாடா?" என்றார் பெரியவர்.

"வந்துச்சுப்பா."

கணினிப் பக்கம் போகாமல், அங்கேயே நின்று போனில் ஓட்டிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் தலை வழக்கம்போல வலப்பக்கம் இறங்கத் தொடங்கியது. பாதி வழியில் அவருக்கே தெரிந்துவிட்டது. இடது கையால் தன் தாடையைப் பிடித்து, தலையை நேராக நிறுத்திக்கொண்டு, கடைசிவரை பார்த்தார். பிடித்த கையை விடாமலே வலது கட்டைவிரலால் அனுப்பினார்.