கறளுக்கு மேல பட்டி பூசின கதை

ஒரு உண்மையச் சொல்லுறன், சிரிக்கக் கூடாது. என்ட மொறிஸ் மைனர் காருக்கு டிரைவர் பக்கக் கதவடித் தகரத்தைக் கால் வைக்கிற இடம் வரைக்கும் கறள் திண்டிருந்தது. நான் அதை வெட்டி எடுக்கல்ல. ஓட்டைக்குள்ள பேப்பரைத் திணிச்சு, மேல பட்டி பூசித் தேச்சு விட்டன்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கலியாணம். அமிர்தகழிக் கோயிலுக்கு இந்தக் காரிலதான் போவன் எண்டு நிக்கிறாள். பெயின்ட் அடிக்கிற காத்தான்குடிக் காக்கா இண்டைக்கே கொண்டுவரச் சொன்னார். அப்பதான் காயுமாம்.

போற வழியில பாலத்தடிச் செக்பொயின்ட்ல ஆமிக்காரர் கதவடியத் தட்டிப் பார்த்தார். தகரச் சத்தம் வரல்ல, அது அவருக்குப் பிடிக்கல்ல.

"இது என்ன?"

"பட்டி, சேர்."

"பட்டிக்குள்ள?"

"பேப்பர், சேர்."

"பேப்பருக்குள்ள?"

"ஓட்டை, சேர்."

"எல்லாம் எடு" எண்டார். மூணு நாள் பாடுபட்டுப் பூசினதை வெயில்ல குந்தியிருந்து நானே நோண்டி எடுத்தன். ஓட்டையால அவர் எட்டிப் பார்த்தார். உள்ள ஒண்டுமில்ல எண்டது எனக்கு முதலே தெரியும்.

மறுகா காக்காட்டப் போனன். சுத்திப் பார்த்திட்டு, "தம்பி, இதுக்குப் பெயின்ட் காணாது. கறளை முழுக்க வெட்டிப் புதுத் தகரம் ஒட்டணும். பத்து நாள் எடுக்கும்" எண்டார்.

"ஞாயிறு கலியாணம், காக்கா."

"அப்ப மகளை ஓட்டோவில ஏத்துங்க. இதைக் கலியாணம் முடியக் கொண்டு வாங்க."

மகளுக்கு இன்னும் சொல்லல்ல. எப்பிடிச் சொல்லலாம் எண்டு தெரிஞ்சவங்க கீழ எழுதுங்க.

திரும்பி வரக்குள்ள பாலத்தில வச்சு என்ட வலது கால் செருப்பு அந்த ஓட்டையால விழுந்திட்டு. கண்டவங்களும் கீழ எழுதுங்க: கறுப்பு நிறம், எட்டாம் நம்பர்.